மகப்பேறு விடுப்பும் பணிக்குத் திரும்புதலும் (இந்தியா)

மகப்பேறு விடுப்பு என்பது பிரசவத்தையொட்டிச் சம்பளத்துடன் ஓய்வு தந்து, பெண்ணின் வேலையையும் காக்கும் சட்ட உரிமை. இந்தியாவில் பம்பாய் மாகாணம் 1929இலும் சென்னை மாகாணம் 1934இலும் இதற்குச் சட்டம் இயற்றின. நாடு முழுமைக்குமான சட்டம் 1961இல் வந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கான விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது.

விடுப்பில் இருப்பவரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்ற விதிதான் இதன் உயிர்நாடி. பிள்ளை பெற்றபின் புதிதாக வேலை தேடி அலையும் நிலையை அது தடுக்கிறது. விடுப்பு நீண்டால் திரும்புவதும் தள்ளிப்போகும். ஆஸ்திரியா 1990இல் ஓராண்டு விடுப்பை இரண்டாண்டாக்கியபோது, பெரும்பாலான தாய்மார் முழுக் காலத்தையும் எடுத்தனர்; ஆயினும் நீண்டகால நோக்கில் அவர்களின் வேலைவாய்ப்பு பெரிதாகக் குறையவில்லை என ஆய்வு காட்டியது.

இந்தியாவில் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: செலவு யாருடையது? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிதி பணம் தருகிறது. மற்றவர்களின் 26 வாரச் சம்பளமும் நிறுவனத்தின் தலையில். எனவே கல்யாணமான இளம்பெண்ணை வேலைக்கு எடுக்கவே சில முதலாளிகள் தயங்குகிறார்கள். 7 வாரச் சம்பளத்தை அரசே ஈடுகட்டும் யோசனையை மத்திய தொழிலாளர் அமைச்சகம் 2018இல் முன்வைத்ததும் இதனால்தான். தனியொரு முதலாளி மீது இச்சுமையை ஏற்றக் கூடாது என்பதே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 183ஆம் உடன்படிக்கையின் பொதுவிதி. தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு கிடைக்கிறது; அங்கே சம்பளம் தருவது அரசு என்பதால் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

அடுத்த தடை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள். பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்தவருக்குப் பின்னால் மிஞ்சுவது 18 வாரம். தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய ஆறு மாதம் முடியும் முன்பே அவர் பணியில் சேர வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே பாட்டி துணை இல்லாத வீட்டுப் பெண் வேலையை விட வேண்டியதாகிறது.

விவசாயக் கூலி, வீட்டு வேலை செய்யும் பெண்களில் பெரும்பாலோர்க்கு 26 வாரம் எட்டாக்கனி. தமிழ்நாட்டில் ஏழைத் தாய்மாருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி உண்டு. விட்டுவந்த வேலைக்கு அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.