லண்டனின் கொடி எது?

லண்டன் கொடி என்று இணையத்தில் தேடினால் ஒரு படம் உடனே வந்து நிற்கும். வெள்ளைத் துணி, நடுவில் சிவப்புச் சிலுவை, இடது மேல்மூலையில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிவப்பு வாள். பரிசுப் பொருள் கடைகளிலும் இதைத்தான் விற்கிறார்கள். ஆனால் இது லண்டன் மாநகரத்தின் கொடி அல்ல! 'சிட்டி ஆஃப் லண்டன்' என்ற, ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்பே உள்ள பழைய வணிகப் பகுதியின் கொடி. அதைச் சுற்றி 1,500 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் பெருநகரத்துக்கும் இந்த வாளுக்கும் சட்டப்படி எந்தச் சம்பந்தமும் இல்லை.

அந்த வாளைப் பற்றி ஒரு கதை உண்டு. 1381 ஜூன் மாதம் விவசாயிகள் கிளர்ச்சி செய்து லண்டனுக்குள் புகுந்தபோது, அவர்களின் தலைவன் வாட் டைலரை அரசன் கண்முன்னே குத்திச் சாய்த்தவர் மேயர் வில்லியம் வால்வொர்த். அந்தக் குத்துவாளைத்தான் நகரம் பெருமையோடு சின்னத்தில் வைத்துக்கொண்டது என்பார்கள். சுவையான கதைதான், ஆனால் தேதி இடிக்கிறது. வாள் பொறித்த புதிய முத்திரை அதே ஆண்டு ஏப்ரலிலேயே, அதாவது கொலைக்கு இரண்டு மாதம் முன்பே உருவாகிவிட்டது. உண்மையில் அது நகரத்தின் காவல் புனிதரான பவுலின் வாள். (செத்தவன் ஒரு விவசாயி என்பதால், கொன்ற ஆயுதத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் அந்தக் காலத்து வணிகர்களுக்குக் கூச்சம் எதுவும் இருந்திருக்காது போல!)

சரி, அந்தப் பெரிய லண்டன் தனக்கென்று சின்னமே வைத்துக்கொள்ளவில்லையா? வைத்துக்கொண்டது, ஒருமுறை அல்ல, பலமுறை. ஒவ்வொரு முறையும் சின்னத்துக்குச் சொந்தமான அமைப்பே இல்லாமல் போனதுதான் வேடிக்கை.

முதலில் வந்தது 1855-ல் அமைக்கப்பட்ட மெட்ரோபாலிடன் போர்டு ஆஃப் வொர்க்ஸ். லண்டனின் பிரம்மாண்டமான சாக்கடைகளைக் கட்டியவர்கள் இவர்கள்தான். தங்களுக்கென்று ஒரு கேடயச் சின்னம் இல்லாததால், சுற்றியுள்ள ஊர்கள், மாவட்டங்களின் சின்னங்களைக் கடன் வாங்கி ஒரு கொத்தாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1887-ல் திறந்த ஹாமர்ஸ்மித் பாலத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். சிட்டி, வெஸ்ட்மின்ஸ்டர், மிடில்செக்ஸ், கென்ட் என்று எல்லோரும் இருக்கிறார்கள், கட்டியவர்களின் சொந்த அடையாளம் மட்டும் இல்லை.

1889-ல் அதன் இடத்துக்கு லண்டன் கவுன்டி கவுன்சில் வந்தது. முறையான சின்னம் கிடைக்க 1914 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேம்ஸ் நதிக்கு நீலமும் வெள்ளையுமான அலைகள், மேலே புனித ஜார்ஜின் சிலுவை, அதன்மேல் இங்கிலாந்தின் சிங்கம், உச்சியில் மதில்சுவர் போன்ற ஒரு கிரீடம். வாள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிட்டி தன் அதிகாரத்தை மட்டுமல்ல, சின்னத்தையும் யாரோடும் பங்கு போட்டுக்கொள்ளவில்லை.

1965-ல் எல்லை இன்னும் விரிந்து, கிரேட்டர் லண்டன் கவுன்சில் (ஜி.எல்.சி.) பிறந்தது. மிடில்செக்ஸ் மாவட்டம் ஏறக்குறைய முழுதாக இதற்குள் கரைந்தது. புதிய சின்னம் இந்த இணைப்பை அழகாகச் சொன்னது. பழைய கவுன்சிலின் நதி அலைகள் கீழே, மிடில்செக்ஸ் சின்னத்தில் இருந்த சாக்சன் கிரீடம் மேலே சிவப்புப் பட்டையில். இரண்டு வீட்டுச் சொத்தை ஒரே பெட்டியில் வைத்ததுபோல எளிமையான, நல்ல வடிவம். அதற்கு ஆயுசு 21 வருடம்தான்.

1981-ல் கென் லிவிங்ஸ்டன் தலைமையில் தொழிற்கட்சியினர் ஜி.எல்.சி.யைப் பிடித்தார்கள். அவர்களுடைய கவுன்டி ஹால் இருந்தது தேம்ஸின் ஒரு கரையில், பாராளுமன்றம் எதிர்க்கரையில். லண்டனில் எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை ராட்சத எழுத்துகளில் கட்டடத்தின் மேல் கட்டிவைத்தார்கள், எதிரே இருக்கும் தாட்சர் அரசின் கண்ணில் படும்படி! பரம்பரைச் சின்னத்தை விட அந்த எண்கள்தான் அந்த ஆண்டுகளில் ஜி.எல்.சி.யின் உண்மையான கொடி என்று சொல்லலாம். அரசின் பதில், 1985-ல் ஒரு சட்டம். 1986 மார்ச் 31 நள்ளிரவோடு ஜி.எல்.சி. கலைக்கப்பட்டது.

இங்கிலாந்தில் கேடயச் சின்னம் ஊருக்குச் சொந்தமல்ல, அதைப் பெற்ற அமைப்புக்குத்தான் சொந்தம். அமைப்பு செத்தால் சின்னமும் அதோடு போச்சு. அடுத்து வருபவர்கள் வாரிசு உரிமை கொண்டாட முடியாது, புதிதாக விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். ஆக அலைகளும் கிரீடமும் அநாதையாயின. கவுன்டி ஹால் ஒரு ஜப்பானிய நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, 1997-ல் அங்கே மீன் காட்சியகம் திறந்தது. நதி அலைச் சின்னம் இருந்த இடத்தில் நிஜ மீன்கள்!

14 வருட இடைவெளிக்குப் பின் 2000-ல் கிரேட்டர் லண்டன் அதாரிட்டி உருவானது. முதல் மேயர் வேறு யாருமல்ல, அதே லிவிங்ஸ்டன். ஆனால் இந்த முறை கேடயமும் இல்லை, கிரீடமும் இல்லை. எழுத்துகளால் ஆன ஒரு நவீன இலச்சினையோடு நிறுத்திக்கொண்டார்கள். 32 பரோக்களுக்கும் தனித்தனிச் சின்னம் இருக்க, அவற்றுக்கு மேலே உள்ள மாநகர அமைப்புக்கு மட்டும் கேடயச் சின்னம் இல்லை.

அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்தது எதிர்பாராத ஒன்று: பாதாள ரயிலின் வட்டம். 1908-ல், சுவர் நிறைய விளம்பரங்களுக்கு நடுவே ஸ்டேஷன் பெயர் பயணிகளுக்குத் தெரிய வேண்டுமே என்று ஒரு சிவப்புத் தட்டின் குறுக்கே நீலப் பட்டை வைத்துப் பெயரை எழுதினார்கள். அவ்வளவுதான் நோக்கம். பிறகு எழுத்துக்கலைஞர் எட்வர்ட் ஜான்ஸ்டன் அந்தத் தட்டை வளையமாக மாற்றினார். இன்று பேருந்துக்குச் சிவப்பு, டிராமுக்குப் பச்சை, 2022-ல் திறந்த எலிசபெத் பாதைக்கு ஊதா என்று ஒரே வடிவம் நிறம் மாறிப் பரவியிருக்கிறது. பழைய பிரபுக் குடும்பங்கள் ஒரே கேடயத்தைச் சிறு மாற்றங்களோடு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த அதே முறை!

சிட்டியின் எல்லையில் நிற்கும் வெள்ளி நிற டிராகன்கள் மட்டும் அந்த வாளும் சிலுவையும் பொறித்த கேடயத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் காவல் காக்கின்றன. அவற்றில் மூத்த இரண்டும் 1849-ல் நிலக்கரிச் சந்தைக் கட்டடத்துக்காக வார்க்கப்பட்டவை. அந்தக் கட்டடத்தை இடித்த பிறகு, 1963-ல் எல்லைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.