காப்பர் டியா, ஹார்மோன் சாதனமா? கருப்பைக் கருத்தடைத் தேர்வில் உதிரப்போக்கின் இடம்

1. ஆய்வுப் பொருள்

கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனங்களில் இன்று புழங்குபவை இரண்டு. ஒன்று, செம்புக் கம்பி சுற்றிய காப்பர் டி. மற்றது, லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைச் சிறுகச் சிறுகக் கசியவிடும் சாதனம். மிரேனா என்ற வணிகப் பெயரில் பலருக்கும் தெரிந்தது. எது சிறந்தது என்ற கேள்விக்கு மருத்துவ நூல்கள் கருத்தடைத் திறனிலிருந்து விடை தேடத் தொடங்கும். தேர்வு செய்ய அது அதிகம் உதவாது என்பது என் நிலைப்பாடு. காப்பர் டி வைத்துக்கொண்ட 1000 பேரில் முதல் ஆண்டில் கருத்தரிப்பவர்கள் சுமார் 8 பேர். ஹார்மோன் சாதனத்தில் ஒருவர் அல்லது இருவர். கருத்தடை மாத்திரையிலோ நடைமுறையில் அது 70 பேர் அளவுக்குப் போகிறது. ஆகவே இரண்டுமே போதுமான அளவுக்கு நம்பகமானவை. இரண்டும் உண்மையில் பிரிவது மாதவிலக்கின்போது வெளியேறும் உதிரத்தின் அளவில்தான்.

2. இயங்கும் முறை

காப்பர் டி 380ஏ என்ற பெயரிலுள்ள எண், அதிலுள்ள செம்பின் பரப்பளவைச் சதுர மில்லிமீட்டரில் குறிக்கிறது. செம்பு அயனிகள் விந்தணுவின் நகர்வையும் உயிர்ப்பையும் கெடுக்கின்றன. முட்டை வெளிப்படுவதில் அது தலையிடுவதில்லை. ஹார்மோன் சாதனத்தில் 52 மில்லிகிராம் மருந்து இருக்கும். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 20 மைக்ரோகிராம் வெளிப்படும். கருப்பை வாயிலுள்ள சளி கெட்டியாகி விந்தணுவுக்கு வழி அடைபடுகிறது. கருப்பையின் உட்சுவரும் மெலிகிறது. உதிரம் குறைவதற்கு இந்த மெலிவே காரணம்.

3. உதிரக் கணக்கு

3.1 செம்பின் பக்கம்

ஒரு மாதவிலக்கில் வெளியேறும் உதிரம் சராசரியாக 30 முதல் 40 மில்லி. 80 மில்லியைத் தாண்டினால் அது மிகைப்போக்கு. காப்பர் டி வைத்தபின் இந்த அளவு ஏறத்தாழப் பாதி வரை கூடலாம். வயிற்றுவலியும் சேர்ந்து வரும். முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் தொல்லை அதிகம், பிறகு பலருக்குத் தணிகிறது.

40 மில்லி 60 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 12 உள்ளவரின் உதிரத்தில் மில்லிக்கு சுமார் 0.4 மில்லிகிராம் இரும்பு உண்டு. கூடுதலாகப் போகும் 20 மில்லியோடு 8 மில்லிகிராம் இரும்பும் போகிறது. உடல் உணவிலிருந்து ஒரு நாளில் உறிஞ்சும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம்தான். சோறும், சாப்பிட்ட கையோடு ஒரு டீயும் என்று பழகியவர்களுக்கு அதுவும் குறையும். இருப்பில் இரும்பு உள்ளவர் இந்த இழப்பைச் சமாளித்துவிடுவார். ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. ரத்த சோகை காப்பர் டிக்குத் தடையல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி விதிகளும் அதை அனுமதிக்கின்றன. ஆனால் ஹீமோகுளோபின் பார்க்காமலும் இரும்புச் சத்து மாத்திரை தராமலும் வைத்து அனுப்புவதை அனுமதியின் பேரால் நியாயப்படுத்த முடியாது.

3.2 ஹார்மோனின் பக்கம்

மிகைப்போக்கு உள்ளவர்களுக்கு இந்தச் சாதனம் உதிர இழப்பை 90 சதவீதம் வரை குறைக்கிறது. ஓராண்டு முடிவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மாதவிலக்கே நின்றுவிடும். இதனால் இது கருத்தடைக்கு அப்பால் மருந்தாகவும் ஆயிற்று. பின்லாந்தில் மிகைப்போக்குக்காகக் கருப்பையை எடுக்க அனுப்பப்பட்ட பெண்களை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு இச்சாதனத்தைப் பொருத்திப் பார்த்தார்கள். ஐந்தாண்டில் அவர்களில் 42 சதவீதம் பேர் கடைசியில் அறுவைக்கே போனார்கள். மீதிப் பேருக்கு அது தேவைப்படவில்லை, மொத்தச் செலவும் நேரே அறுவைக்குப் போன குழுவைவிடக் குறைந்தது. இரண்டு குழந்தைகளோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு, நாற்பதை ஒட்டிப் 'பெரும்பாடு' என்று மருத்துவமனைக்கு வரும் நம் ஊர்ப் பெண்ணிடம் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொல்லும் முன் இப்படி ஒரு வழியும் உண்டு என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்?

3.3 வீட்டு வழக்கம்

தொடக்க மாதங்களில் ஹார்மோன் சாதனம் வேறொரு தொல்லை தரும். உதிரத்தின் அளவு குறைவுதான், ஆனால் சொட்டுச் சொட்டாக, நாள் கணக்கில்லாமல் படும். தீட்டு பார்க்கும் வீட்டில் காப்பர் டியால் ஐந்து நாள் ஏழானால் ஒருவாறு சமாளிக்கலாம். இன்று முடிந்ததா, நாளை மறுபடி படுமா என்று தெரியாத நிலையில் பூஜை அறைக்கும் கோவிலுக்கும் போவது எப்படி? பின்னர் மாதவிலக்கு நின்றால், "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமே" என்று மாமியார் கேட்பார். உட்சுவர் வளராதபோது வெளியேற ஒன்றுமில்லை, தங்குவதற்கும் ஒன்றுமில்லை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், மூன்றாம் மாதமே சாதனத்தை எடுக்கச் சொல்லி வந்து நிற்பார்கள்.

4. தகுதியும் தடையும்

கருவுற்றிருப்பது, காரணம் தெரியாத உதிரப்போக்கு, இடுப்புக்குழித் தொற்று, கட்டிகளால் உருக்குலைந்த கருப்பை ஆகியவை இரண்டுக்கும் தடை. செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்களுக்குக் காப்பர் டி ஆகாது. மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு ஹார்மோன் ஆகாது. முகப்பரு, மார்பக வலி, தலைவலி, மனநிலை மாற்றம் ஆகியவை ஹார்மோன் சாதனத்தில் சிலருக்கு வரும். ஹார்மோனே வேண்டாம் என்பவருக்குக் காப்பர் டி நேரான விடை. பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் ஐந்து நாளுக்குள் வைத்தால் அது அவசரக் கருத்தடையாகவும் பயன்படும். பொருத்தும்போது கருப்பை துளைபடும் ஆபத்து ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில் இரண்டுக்கும் பொது.

5. கிடைக்கும் இடம்

காப்பர் டி 380ஏ, அதே வகைச் செம்புச் சாதனமான 375 இரண்டும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஹார்மோன் சாதனத்துக்குத் தனியாரிடம் சில ஆயிரம் ரூபாய் ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தும், ரத்த சோகை மிகுந்த ஏழைப் பெண்ணுக்கு உதிரப்போக்கைக் கூட்டும் சாதனமே எளிதில் கைக்கு எட்டுகிறது. இங்கே தேர்வைத் தீர்மானிப்பது மருத்துவமல்ல, பணம்.

பிரசவம் முடிந்து நஞ்சு வெளிவந்த பத்து நிமிடத்துக்குள்ளும், இல்லாவிட்டால் 48 மணி நேரத்துக்குள்ளும் காப்பர் டி வைக்கும் முறை அரசுத் திட்டத்தில் உண்டு. அப்போது வைத்தால் அது தானாக நழுவி விழும் வாய்ப்பு சற்று அதிகம். சம்மதத்தைக் கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே பேசி வாங்கிவிட வேண்டும். வலியில் துடிப்பவர் தலையசைத்ததைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. வைத்தபின் கவனிப்பும் வேண்டும்: 1965-இல் இந்தியாவில் பெரும் ஆரவாரத்துடன் வந்த லிப்பஸ் லூப் என்ற பழைய கருப்பைச் சாதனம், உதிரப்போக்குப் புகார்களைக் கவனிக்க ஆளில்லாமலே செல்வாக்கிழந்தது.

6. எடுக்கும் காலம்

380ஏ பத்தாண்டு, 375 ஐந்தாண்டு தாங்கும். ஹார்மோன் சாதனம் முதலில் ஐந்தாண்டுக்கு அனுமதி பெற்றது. அமெரிக்காவில் 2022 முதல் கருத்தடைக்கு எட்டாண்டு. இரண்டையும் எடுத்தவுடன் கருத்தரிக்கும் திறன் திரும்பும். நாற்பது வயதுக்குமேல் வைத்த காப்பர் டியை மாதவிலக்கு நிற்கும்வரை மாற்றாமலே விடலாம் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல்; ஹார்மோன் சாதனத்துக்கு அந்த வயது 45. குறித்த தேதிக்கு முன்பே எடுக்கச் சொல்லி ஒரு பெண் வந்தால் காரணம் கேட்கலாம், உதிரப்போக்குக்கு மருந்து தந்து பார்க்கலாமா என்று பேசலாம். அதன்பிறகும் எடுக்கச் சொன்னால் அன்றே எடுத்துவிட வேண்டும்; கணவரை அழைத்து வா என்று திருப்பி அனுப்ப எந்த மருத்துவக் காரணமும் இல்லை.