படை கிளம்பினா சண்டை நிக்குமா? 1990 மார்ச் 24-ம் அதுக்கு அடுத்த 79 நாளும்

1/ எந்த நாட்டுல போர் நடந்தாலும், அங்க வெளிநாட்டுப் படை இருந்தா டிவி விவாதத்துல ஒரு வரி கட்டாயம் வரும்: "அந்தப் படை வெளியேறினா வன்முறை தானா நின்னுடும்." எதிரே இருக்கிறவர், "வெளியேறினா ரத்த ஆறு ஓடும்" என்பார். ரெண்டு பேரும் ஆப்கானிஸ்தானைத்தான் காட்டுவாங்க. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம ராணுவமே வெளிநாட்டுப் படையா போய்த் திரும்பிய கதை இருக்கு. இலங்கை, 1987–90. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2/ அம்பத்தூர், ஆவடி பக்கம் பிராக்டீஸ் பண்ற டாக்டருக்கு இது வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. பிரஷர் மாத்திரைக்குக் காத்திருக்கிற ஒரே பெஞ்சில், அமைதிப்படையில் போய் வந்த ரிட்டயர்டு ஜவானும் இருப்பார்; புழல் முகாமிலிருந்து வர்ற அம்மாவும் இருப்பாங்க.

3/ 1987 ஜூலை 29. கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டாங்க. உடனே இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் போய் இறங்குச்சு. இங்க ஒரு விஷயத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க: கையெழுத்து போட்டது ரெண்டு அரசாங்கம் மட்டும்தான். சண்டை போட்டுக்கிட்டிருந்த புலிகள் போடலை. கொஞ்சம் ஆயுதத்தை ஒப்படைச்சாங்க, அதுவும் மனசில்லாம.

4/ அக்டோபர் 10. காக்கப் போன படைக்கும் புலிகளுக்கும் நேரடி யுத்தம் ஆரம்பம். மக்கள் மாலை போட்டு வரவேற்ற படை, ரெண்டே மாசத்துல அதே மக்கள் பயந்து ஓடுற படையாச்சு.

5/ அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைஞ்சது. நோயாளிகளும் ஊழியர்களுமா 60 பேருக்கு மேல் இறந்தாங்க. இருதரப்புத் துப்பாக்கிச் சண்டையில் நடந்ததுன்னு ராணுவத் தரப்பு சொன்னது. ஆனா மறுநாள் காலை, கையை உயர்த்திக்கிட்டு வெளியே வந்த குழந்தைகள் மருத்துவர் சிவபாதசுந்தரமும் சுட்டுக் கொல்லப்பட்டார். வார்டுல ரவுண்ட்ஸ் போற எந்த டாக்டரும் இதைச் சாதாரணமா படிச்சுட்டுக் கடந்து போக முடியாது.

6/ அதனால "படை வெளியேறணும்" என்ற குரலில் நியாயம் இருந்தது. அதுல சந்தேகமே வேண்டாம். வந்த படையே வன்முறையின் ஒரு பங்காளி ஆகிவிட்டது. அது போனா அந்தப் பங்கு நிக்கும். கேள்வி, மீதிப் பங்கு நிக்குமா என்பதுதான்.

7/ மீதிப் பங்கு எப்படி இருந்ததுன்னு ஒரு உதாரணம். ராஜினி திரணகம, யாழ் பல்கலைக்கழக உடற்கூறியல் துறைத் தலைவர். 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களில் ஒருவர். இந்தியப் படை, புலிகள், மற்ற இயக்கங்கள், யாரையும் விடாம எல்லார் செய்த கொடுமையையும் பதிவு செய்தவர். 1989 செப்டம்பர் 21, வேலை முடிஞ்சு சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது புலிகள் என்பதே அவருடைய சக ஆசிரியர்கள், குடும்பத்தினர் குற்றச்சாட்டு.

8/ தெற்கில் என்ன நிலைமை? இந்தியப் படை வந்த கோபத்தை எண்ணெயா ஊத்தி ஜே.வி.பி. கிளர்ச்சியை வளர்த்தது. புது ஜனாதிபதி பிரேமதாச, 1989 ஜூன் 1-ம் தேதி, ஜூலைக்குள்ள கிளம்புங்கன்னு இந்தியாவுக்குக் கெடு வச்சார். இந்தியப் படையை எதிர்க்கப் புலிகளுக்கு ஆயுதமே கொடுத்தார். ஆனா ஜே.வி.பி. அடங்கினது படை போனதால் இல்லை. தலைவர் விஜேவீரவைப் பிடித்துக் கொன்றது 1989 நவம்பர் 13-ல். இந்தியப் படை அப்பவும் தீவுலதான் இருந்தது.

9/ 1990 மார்ச் 24. கடைசி இந்திய வீரர்களோட கப்பல் திருகோணமலையை விட்டுக் கிளம்புச்சு. நம்ம பக்கம் 1,100 பேருக்கு மேல் உயிரிழப்பு. திரும்பி வந்தவங்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகலை. உயிரோட வந்த ஜவானுக்கு, தான் செஞ்சது சரியா தப்பான்னு கூட ஊர்ல யாரும் சொல்லலை.

10/ சரி, சண்டை நின்னதா? 79 நாள். ஜூன் 11-ம் தேதி இரண்டாம் ஈழப்போர் வெடிச்சது. கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றாங்க. ஆகஸ்ட் 3, காத்தான்குடி பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டாங்க. செப்டம்பர் 5, வந்தாறுமூலையில் பல்கலைக்கழக முகாமில் தஞ்சம் இருந்தவர்களில் 158 பேரை இலங்கை ராணுவம் கூட்டிட்டுப் போச்சு. யாரும் திரும்பலை. அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் மொத்தமா புலிகளால் விரட்டப்பட்டாங்க.

11/ கடல் தாண்டியும் வந்தது. ஜூன் 19, கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டாங்க. 1991 மே 21, பூந்தமல்லி வழியா போன ராஜீவ் காந்தி, அதே ரோட்டில் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். அமைதிப்படையை அனுப்பியதற்கான பழி என்பதே அரசுத் தரப்பு வழக்கு. விசாரணையும் நம்ம பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில்தான். 1998 ஜனவரி 28-ல் 26 பேருக்கும் தூக்குன்னு தீர்ப்பு. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் அதில் நாலு பேருக்கு மட்டுமே தூக்கை உறுதி செய்தது.

12/ 1990-க்கு அப்புறம் ஒரு லட்சம் பேருக்கு மேல் படகேறி தமிழ்நாடு வந்தாங்க. பெஞ்சில் இருக்கிற அம்மாக்களில் பலர் அந்தப் படகுகளில் வந்தவங்க.

13/ "அப்போ நம்ம படை அங்கேயே இருந்திருக்கணும்னு சொல்றீங்களா டாக்டர்?" இல்லை. விபத்துல வயித்துல கம்பி குத்திய நிலையில் ஒருத்தர் ரோட்டுல கிடக்கிறார்னு வைங்க. அந்தக் கம்பியை அங்கேயே பிடுங்கக்கூடாது. குத்தின அதே கம்பிதான் கிழிஞ்ச ரத்தக்குழாயை அடைச்சுக்கிட்டும் இருக்கலாம். அசையாம கட்டி, தியேட்டருக்குக் கொண்டு போய், ரத்தம் ரெடி பண்ணி, வயித்தைத் திறந்துதான் எடுக்கணும். அதுக்காக உள்ளேயே விட்டா சீழ் பிடிச்சு ஆள் போயிடுவார். எடுக்கணும் என்பதில் ரெண்டு கருத்து கிடையாது. எடுக்கிற நிமிஷம் கிழிசலைத் தைக்க யார் தயாரா இருக்காங்க என்பதில்தான் உயிர் இருக்கு.

14/ இலங்கையில் தைக்க யாருமே இல்லை. பிரேமதாசவையும் புலிகளையும் சேர்த்து வச்ச ஒரே விஷயம் இந்தியப் படை மேல இருந்த எதிர்ப்பு. படை போச்சு, நட்பும் போச்சு. அதிகாரப் பகிர்வு, ஆயுதம், எதுவும் பேசி முடிக்கப்படலை. இந்தியாவை நம்பி இருந்த இயக்கங்கள் பலவந்தமா சேர்த்த பையன்கள் கையில் துப்பாக்கியைத் திணிச்சு 'தமிழ்த் தேசிய ராணுவம்' அமைச்சாங்க. படை பின்வாங்க, அது சரிஞ்சது. அந்தத் துப்பாக்கிகளில் நிறைய புலிகள் கைக்குப் போச்சு.

15/ வேற மாதிரி நடந்த கதையும் உண்டு. நம்ம கப்பல் கிளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி, 1990 மார்ச் 21, ஆப்பிரிக்காவில் நமீபியா சுதந்திரம் அடைஞ்சது. தென்னாப்பிரிக்கப் படை அங்கிருந்து ஐ.நா. கண்காணிப்பில் வெளியேறியது. ஐ.நா. படைக்குத் தளபதி ஓர் இந்தியர், லெப்டினன்ட் ஜெனரல் பிரேம் சந்த். அங்கேயும் ஆரம்பத்தில் ரத்தம் சிந்துச்சு. ஆனா உள்ளூர்த் துணைப்படை கலைக்கப்பட்டது, ஆயுதம் ஏந்திய ஸ்வாப்போ தேர்தலில் நின்னது, எல்லாக் கட்சியும் சேர்ந்து அரசியல் சட்டத்தை ஏத்துக்கிட்டாங்க. போர் திரும்ப வரலை.

16/ அதே பேச்சுவார்த்தையின் இன்னொரு பாதி அங்கோலா. அங்கிருந்து கியூபப் படை 1991-ல் வெளியேறியது. 1992-ல் தேர்தல். தோத்த சவிம்பி கையில் தனிப்படை அப்படியே இருந்தது. சண்டை 2002 வரை போச்சு. பக்கத்துப் பக்கத்து நாடு. ரெண்டுலயும் வெளிநாட்டுப் படை போனது. ஒண்ணுல அமைதி, இன்னொண்ணுல இன்னும் பத்து வருஷப் போர்.

17/ அதனால அடுத்த முறை இந்த விவாதம் வந்தா ரெண்டு கேள்வி கேளுங்க. துப்பாக்கி வச்சிருக்கிற உள்ளூர் ஆட்கள் எல்லாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டாங்களா? படை போன மறுநாள் காலை, கையில் துப்பாக்கி இல்லாதவங்களுக்கு யார் காவல்? 1990-ல் ரெண்டுக்கும் பதில் இல்லை.

18/ யாழ் மருத்துவமனையில் ஒவ்வொரு அக்டோபர் 21-ம் இறந்த சக ஊழியர்களுக்கு விளக்கேத்துறாங்க. அந்த வன்முறை நிக்கணும்னா படை போக வேண்டியிருந்தது. காத்தான்குடியும் வந்தாறுமூலையும் நடக்காம இருக்கணும்னா, படை போறதுக்கு முன்னாடி இன்னும் நிறைய வேலை முடிஞ்சிருக்கணும். அதை முடிக்காம கப்பல் ஏறினதுக்கான விலையை, ஒப்பந்தம் போட்ட யாரையும் விட காத்தான்குடிக்காரங்களும் படகேறி வந்தவங்களும்தான் அதிகமா கொடுத்தாங்க.