பள்ளி வன்முறை: முன்னறிகுறிகள், முதலுதவி, பாதுகாப்பு

பள்ளி வன்முறை என்பது பள்ளி வளாகத்திலோ, பள்ளிக்குச் சென்று வரும் வழியிலோ, பள்ளியில் எழுந்த பகையின் தொடர்ச்சியாக வீட்டிலோ, கைப்பேசி வழியாகவோ ஒருவருக்கு இழைக்கப்படும் உடல், மன, பாலியல் தீங்கைக் குறிக்கும். மாணவர்கள் ஒருவரையொருவர் தாக்குதல், ஆசிரியர் மாணவரை அடித்தல், மாணவர் ஆசிரியரைத் தாக்குதல் ஆகியவை இதில் அடங்கும். அடி, உதை மட்டுமன்றி, சாதியையோ உடலமைப்பையோ சொல்லித் தொடர்ந்து இழிவுபடுத்துவதும், மிரட்டிப் பணம் பறிப்பதும், ஒதுக்கி வைப்பதும் வன்முறையே.

யுனெஸ்கோ நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக அளவில் ஏறக்குறைய மூன்று மாணவர்களில் ஒருவர், கேட்கப்பட்ட நாளுக்கு முந்தைய ஒரு மாதத்தில் ஒரு முறையேனும் சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்.

நாங்குநேரி நிகழ்வு உணர்த்துவது

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, பட்டியலினத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க முயன்ற அவருடைய தங்கையும் வெட்டுக்காயமடைந்தார். தாக்கியவர்கள் அவருடன் அதே பள்ளியில் பயின்ற மாணவர்கள். அதற்கு முன்னரே சாதியின் பெயரால் தொடர்ந்து துன்புறுத்தப்பட்ட அம்மாணவர், சில நாட்கள் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தியிருந்தார். காரணம் விசாரிக்கப்பட்டு, பள்ளியில் முறையிடப்பட்ட பின்னரே தாக்குதல் நிகழ்ந்தது. நீண்ட சிகிச்சைக்குப் பின் அவர் 2024 பொதுத்தேர்வு எழுதி, 600க்கு 469 மதிப்பெண் பெற்றார்.

இந்நிகழ்வில் இரண்டு கட்டங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, குழந்தை பள்ளிக்குச் செல்ல மறுத்த நாள். காயம் ஏதும் தோன்றுவதற்கு முன் வெளிப்பட்ட அறிகுறி அதுவே. இரண்டாவது, புகார் வெளியே தெரிந்த நாள். தம்மீது புகார் சென்றுள்ளதை எதிர்த்தரப்பினர் அறியும்போது பழிவாங்கும் எண்ணம் எழக்கூடும். ஆகவே புகாரைப் பெறுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. புகார் அளித்த குழந்தைக்கு அன்றைய தினமே பாதுகாப்பு உறுதி செய்யப்பட வேண்டும்.

இந்நிகழ்வைத் தொடர்ந்து, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு அவர்களைக் கொண்ட ஒரு நபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. 2024 ஜூன் மாதம் அளிக்கப்பட்ட அக்குழுவின் அறிக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குதல், சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்தல், மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி அமர்த்துதல், பெரிய பள்ளிகளில் பள்ளி நல அலுவலரை நியமித்தல் உள்ளிட்ட பல பரிந்துரைகளை வழங்கியது.

தாராசுரம், கும்பகோணம் பகுதிப் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

நாங்குநேரியில் காணப்பட்ட முதல் அறிகுறியான பள்ளி செல்லாமை, காவிரிப் படுகைப் பகுதியில் எளிதில் கவனத்திற்குத் தப்பிவிடக் கூடியது. நடவு, அறுவடைக் காலங்களில் பெற்றோர் விடியற்காலையிலேயே வயலுக்குச் சென்றுவிடுகின்றனர். தாராசுரம் போன்ற நெசவாளர் பகுதிகளில் பெற்றோர் இருவரும் தறியில் அமர்ந்திருப்பதுண்டு. பிள்ளை பள்ளிக்குச் சென்றதாகப் பெற்றோரும், வேலைக்கு உதவியாக வீட்டில் நிறுத்திக்கொண்டதாக ஆசிரியரும் எண்ணிவிடக்கூடும். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து நகரப் பேருந்தில் வரும் மாணவர்களிடையே, பேருந்துப் படிக்கட்டிலும் நிறுத்தத்திலும் எழும் தகராறுகள் பள்ளிக்குத் தெரியாமலேயே வளர்வதும் உண்டு.

எனவே, ஒரு மாணவர் தொடர்ந்து இரண்டு நாட்கள் வராவிடில் வகுப்பாசிரியர் வீட்டாரிடம் நேரில் அல்லது தொலைபேசியில் பேசுவது நன்று. பெற்றோரும் தம் கைப்பேசி எண் மாறினால் பள்ளிக்கு உடனே தெரிவித்தல் வேண்டும்.

முன்னறிகுறிகள்

• பள்ளி நாட்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி, தலைவலி, குமட்டல்; விடுமுறையில் அவை மறைதல்
• வழக்கமான பேருந்தையோ வழியையோ திடீரெனத் தவிர்த்தல்
• கிழிந்த சீருடை, காணாமற்போகும் புத்தகங்கள், அடிக்கடி பணம் கேட்டல்
• உறக்கமின்மை, கெட்ட கனவு, நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் மீண்டும் தோன்றுதல்
• மதிப்பெண் சரிவு, நண்பர்களிடமிருந்து விலகுதல்
• காரணம் கூற மறுக்கும் காயங்கள்
• "நான் இல்லாவிட்டால் நல்லது" என்பது போன்ற பேச்சு. இதனை மிரட்டலாகவோ நடிப்பாகவோ கருதாமல் அன்றே மருத்துவ உதவி பெறவும்.

பிறரைத் துன்புறுத்தும் குழந்தையிடமும் அறிகுறிகள் உண்டு. பையில் ஆயுதம் வைத்திருத்தல், விளக்கமில்லாத பணம், போதைப்பொருள் அல்லது புகையிலைப் பழக்கம், வீட்டு விலங்குகளையும் இளையோரையும் வதைத்தல் ஆகியவை கவனிக்கத்தக்கவை. இத்தகைய குழந்தை வீட்டில் அடியையும் அவமானத்தையும் கண்டு வளர்ந்திருக்கவும் கூடும். அக்குழந்தைக்கும் ஆலோசனை தேவை.

அடித்தல் ஒழுங்குமுறை ஆகுமா?

ஆகாது. அடிக்கு அஞ்சும் குழந்தை தவற்றை மறைக்கவே கற்கிறது. தனக்கு நேரும் கொடுமையையும் ஆசிரியரிடம் சொல்லாமல் மறைக்கிறது. கன்னத்தில் அறைவதால் செவிப்பறை கிழியலாம். நெடுநேரம் வெயிலில் நிறுத்துவதால் மயக்கம் ஏற்படலாம்.

தமிழ்நாடு கல்வி விதிகளின் 51 ஆவது விதி 2003 ஆம் ஆண்டு திருத்தப்பட்டு, பள்ளிகளில் உடல் தண்டனை தடை செய்யப்பட்டது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 இன் 17 ஆவது பிரிவு உடல் தண்டனையுடன் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மாணவர்களே பங்கேற்று வகுத்த வகுப்பு விதிகள், தவற்றால் நேர்ந்த இழப்பைச் சரிசெய்யும் பொறுப்பை மாணவரிடமே அளித்தல், பெற்றோருடன் தனியே பேசுதல் ஆகியவை பயனளிக்கும் வழிகள்.

காயமடைந்த குழந்தைக்கு முதலுதவி

• இரத்தக் கசிவு: தூய துணியை வைத்து விடாமல் அழுத்தவும். காப்பித்தூள், மஞ்சள்தூள் முதலியவற்றை இட வேண்டாம். உடலில் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்க வேண்டாம்.
• தலைக்காயம்: வாந்தி, மிகுந்த தூக்கம், குழப்பமான பேச்சு, வலிப்பு, காது அல்லது மூக்கிலிருந்து இரத்தமோ நீரோ வடிதல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் உடனே 108 ஐ அழைக்கவும். முதலில் நன்றாகத் தோன்றும் குழந்தையிடம் சில மணி நேரம் கழித்தும் இவை தோன்றலாம். எனவே தலையில் அடிபட்ட குழந்தையை முதல் 24 மணி நேரம் தனியே விட வேண்டாம்.
• கழுத்து, முதுகு வலி: குழந்தையை அசைக்காமல் படுத்த நிலையிலேயே ஊர்தி வரும்வரை வைத்திருக்கவும்.
• காதில் அடி: காது கேளாமை, இரைச்சல், இரத்தம் இருப்பின் காதில் எண்ணெய் விடாமல் மருத்துவரிடம் காட்டவும்.

கும்பகோணம் அரசு தலைமை மருத்துவமனையிலும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். காவல் நிலையப் புகார் இல்லை என்பதற்காக அவசர சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது. உயிர் காக்கும் சிகிச்சையே முதன்மையானது என்பதை உச்ச நீதிமன்றம் 1989 ஆம் ஆண்டு பரமானந்த் கட்டாரா வழக்கில் தெளிவுபடுத்தியுள்ளது. காயம் எவ்வாறு ஏற்பட்டது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறவும். "கீழே விழுந்துவிட்டான்" என்று விபத்துப் பதிவேட்டில் பதியப்பட்டால், பின்னர் உண்மையை நிறுவுவது கடினமாகும்.

குழந்தை சொல்லத் தொடங்கும்போது

1. இடைமறிக்காமல் கேட்கவும். "நீ என்ன செய்தாய்?" என்று தொடங்க வேண்டாம். சொன்னது நல்லது என்று கூறவும்.
2. நாள், இடம், நடந்தது ஆகியவற்றை எழுதி வைக்கவும். காயங்களின் படங்களையும் கைப்பேசிச் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருக்கவும்.
3. தலைமையாசிரியரிடம் எழுத்து வடிவில் முறையிட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தைப் பெறவும்.
4. அன்றே பாதுகாப்பு ஏற்பாட்டைக் கேட்டுப் பெறவும். யார் குழந்தையை அழைத்து வருவார், எந்த வழியில் வீடு திரும்பும், இரவில் யார் துணையிருப்பார் என்பவை முடிவு செய்யப்பட வேண்டும். இரு தரப்பு மாணவர்களையும் நேருக்கு நேர் நிறுத்தி விசாரிப்பதைத் தவிர்க்குமாறு கோரவும்.
5. மிரட்டலோ ஆயுதமோ இருப்பின் காவல் நிலையத்தில் புகார் அளித்து, மனு ஏற்பு ரசீது பெறவும்.
6. எதிர்த்தரப்பு வீட்டிற்கு உறவினரைத் திரட்டிச் செல்ல வேண்டாம். மாணவர் தகராறு ஊர்த் தகராறாக மாற அதுவே வழியாகிவிடும்.

பள்ளியில் உள்ள "மாணவர் மனசு" புகார்ப் பெட்டியை மாணவர்கள் பயன்படுத்தலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஆவர். அக்குழுவின் கூட்டத்தில் இதனை விவாதப் பொருளாக வைக்கலாம்.

சட்டப் பாதுகாப்பு

பாலியல் தீங்கு குறித்து அறிந்தவர், போக்சோ சட்டம், 2012 இன்படி காவல் துறைக்குத் தெரிவித்தல் கட்டாயமாகும். பள்ளி அளவில் சமரசம் செய்து மறைப்பது தண்டனைக்குரியது.

குற்றத்தில் ஈடுபட்டதாகக் கூறப்படும் 18 வயதிற்குட்பட்டோர், இளைஞர் நீதிச் சட்டம், 2015 இன்படி 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவர். அவர்களைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. பாதிக்கப்பட்ட குழந்தை, குற்றம் சாட்டப்பட்ட குழந்தை ஆகிய இருவரின் அடையாளத்தையும் வெளியிடுவதை இச்சட்டம் தடை செய்கிறது. தாக்குதல் காட்சிகளைக் கைப்பேசிக் குழுக்களில் பகிர்வது குழந்தையை மீண்டும் காயப்படுத்துவதாகும்.

உதவி எண்கள்

• குழந்தைகள் உதவி மையம்: 1098
• பள்ளிக்கல்வித் துறை உதவி மையம்: 14417
• மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416
• மருத்துவ ஆலோசனை: 104
• அவசர ஊர்தி: 108
• பெண்கள் உதவி மையம்: 181
• காவல் துறை அவசர அழைப்பு: 112

நினைவில் கொள்ளவும்: காரணமின்றிப் பள்ளிக்குச் செல்ல மறுக்கும் குழந்தையைக் கண்டிப்பதற்கு முன், காரணத்தைக் கேட்டறியவும். முறையிட்ட குழந்தையை அன்றிரவு தனியே விட வேண்டாம்.