ஒரு கல், இரண்டு பறவைகள், மூன்று நாடுகள்

நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்போம். ஜெர்மானியர் ஒரே மட்டையில் இரண்டு ஈக்களை அடிப்பார்கள். இத்தாலியர் ஒரே மொச்சைக்கொட்டையைப் போட்டு இரண்டு புறாக்களைப் பிடிப்பார்கள். ஆங்கிலேயருக்கு ஒரு கல்லும் இரண்டு பறவைகளும். ஆங்கிலம் கற்கும் சீன மாணவருக்கு இந்தத் தொடர் பழகிய முகமாகத் தெரியும். அவர் மொழியிலும் 'யீ ஷி ஆர் நியாவ்' என்று நான்கே எழுத்தில் அதே கல், அதே இரண்டு பறவைகள். பார்த்தால் பழம்பெரும் சீன வழக்குப் போலவே இருக்கும். ஆனால் அது கப்பலேறி வந்த தொடர்.

சீனரின் சொந்தச் சரக்கு வேறு. 6ஆம் நூற்றாண்டில் துருக்கியரிடம் தூது போன சாங்சுன் ஷெங், வானில் இறைச்சித் துண்டுக்காகச் சண்டையிட்ட இரண்டு பெரும் பறவைகளைக் கண்டானாம். துருக்கியத் தலைவன் இரண்டு அம்புகளைக் கொடுத்து அடிக்கச் சொன்னான். ஒரே அம்பில் இரண்டும் கோத்து விழுந்தன. 'ஓர் அம்பு, இரு கழுகு' என்ற தொடர் இன்றும் வழக்கில் இருக்கிறது. இத்தகைய நான்கெழுத்துத் தொடர்களைச் சீனர் 'செங்யூ' என்பார்கள். பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கும். அதனால் அயல்தொடரைக் கண்டாலும் சீன மாணவர் அதன் கதையைத் தேடினால் வியப்பில்லை.

ஆங்கிலக் கல் 1656இல் அச்சான ஒரு நூலில் கிடக்கிறது. மனிதனுக்குச் சுயவிருப்பம் உண்டா இல்லையா என்று தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸும் பிராம்ஹால் என்ற ஆயரும் மல்லுக்கட்டிய நூல் அது. அந்தக் கல் கிழக்கே வர மேலும் இருநூறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் எதிர்த்திசையில் சரக்கு கிளம்பிவிட்டது.

1757 முதல் 1842 வரை ஐரோப்பியக் கப்பல்கள் வணிகம் செய்யச் சீனம் திறந்துவைத்த ஒரே துறைமுகம் காண்டன். அந்நியருக்குச் சீனம் கற்றுக்கொடுப்பது குற்றம். ஜேம்ஸ் ஃபிளின்ட் என்ற ஆங்கிலேயர் எப்படியோ சீனம் கற்று, 1759இல் பேரரசருக்கே மனுக் கொடுத்தார். அவருக்கு மக்காவ் நகரில் மூன்றாண்டுச் சிறை. மனு எழுத உதவிய சீனருக்குத் தலையே போயிற்று. பிறகு யார் கற்றுக்கொடுப்பார்? மொழிச்சுமை முழுவதும் காண்டன் வணிகர் தலையில் விழுந்தது. ஆங்கில ஒலியைச் சீன எழுத்தில் எழுதிய சிறு அச்சுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு அவர்கள் ஆங்கிலம் பழகினார்கள். சொல் ஆங்கிலம், அடுக்கு சீனம். 'பிசினஸ்' என்ற சொல் அவர்கள் நாவில் 'பிட்ஜின்' ஆகி, அந்தக் கலவை மொழிக்கே பெயராயிற்று. 'நோ கேன் டூ' (முடியாது), 'சாப் சாப்' (சீக்கிரம்) எல்லாம் அந்தக் கடைத்தெருப் பேச்சின் எச்சம்தான்.

'லூஸ் ஃபேஸ்' (மானம் இழத்தல்) என்பதும் சீனத் தொடரின் நேர்பெயர்ப்பு. 'சேவ் ஃபேஸ்' (மானம் காத்தல்) என்ற அதன் ஜோடியைச் சீனாவில் குடியிருந்த ஆங்கிலேயர் தாங்களாகவே செய்துகொண்டார்கள். இன்று சீன மாணவர் இவற்றை ஆங்கில மரபுத்தொடர்ப் பட்டியலில் வைத்து மனப்பாடம் செய்கிறார். அந்தப் பட்டியல்கள் மீது எனக்கு மனத்தாங்கல் உண்டு. பொருளைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. தன் வீட்டுப் பாத்திரம்தான் இது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்!

இனி அந்தக் கல்லுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் ஜப்பானியர் அந்த ஆங்கிலத் தொடரை எடுத்து 'இஸ்ஸெகி நிச்சோ' என்று நான்கெழுத்தில் செதுக்கினார்கள். எழுத்து சீனத்துடையது. ஆகவே அது சீனத்துக்குள் நுழைந்தபோது யாரும் வாசலில் நிறுத்தி விசாரிக்கவில்லை.

சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'கங் ஹோ'வின் கதை. ஜப்பானியப் படையெடுப்பில் சீனக் கடலோரத் தொழிற்சாலைகள் அழிந்துபோக, 1938இல் உள்நாட்டில் தொழிற்கூட்டுறவுகள் முளைத்தன. நியூசிலாந்துக்காரரான ரெவி ஆலி அதில் முன்னின்றார். இயக்கத்தின் நீண்ட சீனப் பெயரிலிருந்து இரண்டு எழுத்துகளை எடுத்துச் சுருக்கியதுதான் 'கோங் ஹ'. 'தொழில்', 'கூட்டு' என்பவற்றின் முதலெழுத்துகள், அவ்வளவுதான். ஆலியின் நண்பரான அமெரிக்க மரைன் படை அதிகாரி எவன்ஸ் கார்ல்சன் அதைச் 'சேர்ந்து உழைப்போம்' என்று புரிந்துகொண்டு, 1942இல் தன் படைப்பிரிவின் முழக்கமாக்கினார். அதிகாரியும் சிப்பாயும் சமமாக உட்கார்ந்து பேசும் கூட்டங்களுக்கும் அதே பெயர். அவர்களின் மாகின் தீவுத் தாக்குதலை வைத்து 1943இல் அந்தப் பெயரிலேயே திரைப்படமும் வந்தது. சொல் ஊரெல்லாம் பரவியது. பொருள் 'வரம்பில்லாத உற்சாகம்' என்று மாறிப்போனது. இன்று அந்தச் சொல்லைச் சீன மாணவருக்கு அகராதி பார்த்துத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

பெயர்ப்பில் தடம்புரளப் பார்த்து மீண்ட தொடரும் உண்டு. 1946இல் யேனானில் மாவோ, அமெரிக்க இதழாளர் அன்னா லூயிஸ் ஸ்ட்ராங்கிடம் 'காகிதப் புலி' (பார்வைக்கு மட்டும் பயங்கரமானது) என்றபோது, மொழிபெயர்ப்பாளர் அதைச் 'சோளக்கொல்லைப் பொம்மை' என்று சொல்லிவிட்டார். மாவோ நிறுத்தினார், அந்தப் பொம்மை என்னவென்று கேட்டார், புலிதான் வேண்டும் என்றார். புலி பிழைத்தது.

ஹாங்காங்கில் ஒருவருக்குத் தெம்பூட்ட 'எண்ணெய் ஊற்று' என்பார்கள். அதை அப்படியே 'ஆட் ஆயில்' என்று பெயர்த்து எழுதினால் அது பிழை என்றே வெகுகாலம் கருதப்பட்டது. அங்கே ஜனநாயகம் கோரி நடந்த 2014 குடைப் போராட்டத்தின்போது, உலகெங்கிலுமிருந்து வந்த ஆதரவுச் செய்திகளை இரவில் ஒரு சுவரில் ஒளியால் காட்டிய கருவிக்கு இட்ட பெயரும் 'ஆட் ஆயில்'தான். 2018இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அந்தத் தொடரைச் சேர்த்துக்கொண்டது.