பிரிந்து நின்றவர்களின் எஞ்சின்

சூப்பர்மோட்டோ பந்தயத்தில் பெரும்பகுதி தார்ச்சாலை, மீதி மண்தரை. 1979இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று, எல்லா வகை மோட்டார்சைக்கிள் வீரர்களையும் ஒரே களத்தில் மோதவிட்டுப் பார்க்கத் தொடங்கிய போட்டி இது. அங்கே ஓய்ந்தபின் ஐரோப்பாவில் வேரூன்றி, 2002இல் உலக சாம்பியன்ஷிப் தகுதி பெற்றது. மண்தரைப் பந்தயத்துக்கான மோட்டோகிராஸ் பைக்கில் 17 அங்குலச் சக்கரமும் வழவழப்பான பந்தய டயரும் பெரிய முன்பிரேக்கும் பொருத்தினால் சூப்பர்மோட்டோ தயார். ஆனால் வளைவுக்கு வளைவு வண்டியைச் சாய்த்து நிமிர்த்த வேண்டிய இந்த ஓட்டத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது எடை. அதனால்தான் ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை யார் முதலில் இலகுவாக்கினார்கள் என்ற கேள்வி முக்கியமாகிறது. அந்தப் பெருமையில் பெரும்பங்கு ஸ்வீடனின் ஹூசபெர்க் நிறுவனத்துக்கே உரியது என்பது என் முடிவு.

1903 முதல் மோட்டார்சைக்கிள் தயாரித்துவந்த ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா, 1980களில் எலெக்ட்ரோலக்ஸ் வசம் இருந்தது. மோட்டோகிராஸை இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் ஆண்ட அந்தக் காலத்தில், அதன் பொறியாளர்கள் காற்றால் குளிரும் 510 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டியை உருவாக்கினார்கள். 1987இல் மோட்டார்சைக்கிள் பிரிவு இத்தாலியின் கஜீவாவுக்குக் கைமாறியது. தாமஸ் குஸ்தாவ்சன் உள்ளிட்ட சிலர் இத்தாலிக்குப் போகாமல் ஸ்வீடனிலேயே தங்கி, 1988இல் ஹூசபெர்க்கைத் தொடங்கினார்கள். எடையைக் குறைக்க அவர்கள் எந்த எல்லைக்கும் போனார்கள். தொடக்ககால எஞ்சினில் எண்ணெய் பம்ப்பே கிடையாது. கேம் செயினே எண்ணெயை மேலே கொண்டுசென்றது. பராமரிப்பில் கூடுதல் கவனம் கேட்ட ஏற்பாடுதான். ஆனாலும் 1995, 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் பெல்ஜிய வீரர் ஜோயல் ஸ்மெட்ஸ் ஹூசபெர்க்கில் 500 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றார்.

1993இலேயே ஜாக்கி மார்ட்டென்ஸ் இத்தாலிய ஹஸ்க்வர்னாவின் நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் அதே பட்டத்தை வென்றாரே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அந்த எஞ்சினின் வேரும் ஸ்வீடனின் 510இல்தான் இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் யுகத்தைத் தொடங்கியது யமஹாவின் ஒய்.இசட். 400எஃப் என்பார்கள் சிலர். நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளைப் பெருவாரியாக விற்றுப் பரப்பியது யமஹா என்பதில் மறுப்பில்லை. ஆனால் அந்த வண்டி சந்தைக்கு வந்தது 1998 மாடலாக. ஸ்மெட்ஸின் முதல் பட்டம் அதற்கு மூன்று ஆண்டுகள் முந்தியது.

1995இல் ஆஸ்திரியாவின் கே.டி.எம். ஹூசபெர்க்கை வாங்கிய பிறகும் எடை பற்றிய அதன் பிடிவாதம் தளரவில்லை. 2009 மாடல்களில் சிலிண்டரை 70 டிகிரி முன்னோக்கிச் சாய்த்து, கனமான கிராங்க் ஷாஃப்டை வண்டியின் ஈர்ப்பு மையத்தை ஒட்டி மேலே ஏற்றினார்கள். நிறை நடுவில் குவிந்தால் வண்டியைத் திருப்பக் குறைந்த விசை போதும். அடுத்த ஆண்டு எஃப்.எஸ். 570 என்ற சூப்பர்மோட்டோவில் இந்த அமைப்பு வந்தது. சுமார் 565 சிசி, ஒரே சிலிண்டர். பெரிய எஞ்சினின் இழுவையும் சிறிய வண்டியின் சுறுசுறுப்பும் அதில் சேர்ந்தன.

அப்படியானால் ஹூசபெர்க் ஏன் மறைந்தது? 2013இல் கே.டி.எம். தலைவர் ஸ்டெஃபான் பீரர் தரப்பு, பி.எம்.டபிள்யூ.விடமிருந்து ஹஸ்க்வர்னாவை வாங்கி, ஹூசபெர்க்கை அதனோடு இணைத்தது. ஒரே குடையின் கீழ் மூன்று பெயர்கள் வேண்டாம் என்ற வணிகக் கணக்கு அது. 70 டிகிரி எஞ்சினும் தொடரவில்லை. ஆனால் ஒரு வடிவம் கைவிடப்பட்டதால் அதன் நோக்கம் தவறாகிவிடாது. 2010இல் யமஹாவும் தன் 450 சிசி எஞ்சினின் சிலிண்டரைப் பின்னோக்கிச் சாய்த்து, நிறையை நடுவில் குவிக்கவே முயன்றது. இன்று மோட்டோகிராஸின் முதல்நிலை வகுப்பிலும் சூப்பர்மோட்டோவிலும் ஓடுபவை 450 சிசி ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள். ஊரைவிட்டுப் போக மறுத்த அந்தச் சில பொறியாளர்களின் கணிப்பு சரி என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.