இணையமும் மாணவர் ஆராய்ச்சியும்: தொடக்கக்கால வரலாறு

நூல்நிலையத்தினுட் புகும் மாணவனொருவன் தான் அறியாமலே ஒரு சான்றினைப் பெற்றுக்கொள்கிறான். அவன் கையிலெடுக்கும் நூலை ஒருவர் எழுதினார். ஒரு பதிப்பகத்தார் அச்சிட்டனர். நூலகர் அதனைத் தெரிந்து வாங்கிப் பொருள்வாரியாக வகுத்து உரிய தட்டில் வைத்தார். அந்நூல் பிழைபட்டதாயிருத்தலும் கூடும். எனினும் அது எங்கிருந்து வந்தது என்பதை அதன் முகப்பேடே சொல்லிவிடும். 1990ஆம் ஆண்டு தொடக்கம் மாணவர் இணையத்தை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தக் கற்ற வரலாறு, இச்சான்று சிறிது சிறிதாகக் கண்மறைந்த வரலாறுமாகும். பொருளைத் தேடிக் காண்பது ஆண்டுக்காண்டு எளிதாயிற்று; கண்டது யாருடைய சொல் என்று அறிதல் அதே அளவுக்கு அரிதாயிற்று.

1980களின் பிற்பகுதியில், அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவகத்தின் பொருளுதவியால் அமைந்த வலையமைப்பு அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களை ஒன்றோடொன்று பிணைத்திருந்தது. கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் புறம்பான வணிகப் போக்குவரத்து அதில் விலக்கப்பட்டிருந்தமையால், அங்கு எதிர்ப்பட்டவை பெரும்பாலும் கல்விக்கூடங்களினதும் ஆய்வுகூடங்களினதும் கணனிகளே. ‘ரெல்நெற்’ என்னும் முறையாற் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் ‘மெல்வில்’ நூற்பட்டியலை வேறொரு மாநிலத்திலிருந்தே பார்வையிடலாம். ‘எவ்.ரி.பி’ என்னும் முறையாற் கோவைகளைத் தன் கணனிக்குக் கொண்டுவரலாம். ஆயின் எந்தக் கணனியின் வாயிலைத் தட்டவேண்டும் என்பது முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும்.

1990இல் கனடாவின் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில், பார்படோஸ் தீவிற் பிறந்த அலன் எம்ரேஜ் என்னும் மாணவர் இக்குறையை ஒருவாறு நீக்கினார். எவ்.ரி.பி நிலையங்களிலுள்ள கோவைகளின் பெயர்களையெல்லாம் திரட்டித் தேடத்தக்கதாக்கிய அவரது ‘ஆர்ச்சி’, இணையத்தின் முதலாவது தேடுபொறியென்று கொள்ளப்படுகிறது. அது கோவையின் பெயரை அறியுமேயன்றி உள்ளீட்டை அறியாது. நல்ல கட்டுரையொன்றுக்கு ஆசிரியர் பொருத்தமற்ற பெயரை இட்டிருப்பின், ஆர்ச்சியைப் பொறுத்தவரை அக்கட்டுரை இல்லாததே.

அடுத்த ஆண்டில், அஃதாவது 1991இல், மினசோற்றாப் பல்கலைக்கழகத்திலே மார்க் மக்கெஹில் முதலானோர் ‘கோபர்’ என்னும் அமைப்பினை ஆக்கினர். மண்ணில் வளைதோண்டும் சிறு விலங்கொன்றின் பெயர் அது. அம்மாநிலத்துக்கும் பல்கலைக்கழக விளையாட்டணிகளுக்கும் அவ்விலங்கே அடையாளம். கோபரைத் திறந்தால் திரையில் எண்ணிட்ட நிரலொன்று தோன்றும். அதில் ஒன்றைத் தெரிந்தால் அதனுள் மற்றொரு நிரல், அதனுள் வேறொன்று, ஈற்றில் ஒரு கட்டுரையோ அட்டவணையோ கிட்டும். உலகத்துக் கோபர் வழங்கிகள் எல்லாம் மினசோற்றாவிலே கண்டம், நாடு என்னும் ஒழுங்கில் நிரற்படுத்தப்பட்டிருந்தன. ஆகவே மாணவன் ஒரு நாட்டினுள் நுழைந்து, அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தினுள் நுழைந்து, அதிலொரு துறையினுள் நுழைந்தே ஓர் ஆவணத்தை அடையவேண்டியிருந்தது. சலிப்பூட்டும் பயணந்தான். எனினும் ஆவணத்தை அடைந்த மாணவன் தான் வந்த வழியை அறிந்திருந்தான். இன்ன பல்கலைக்கழகத்தின் இன்ன துறையார் வைத்தது இது என்பதை அவ்வழியே அவனுக்கு உணர்த்திற்று. இழந்த பின்னரே அருமை புலப்படும் பொருள்களுள் இதுவும் ஒன்று.

வழியைச் சுருக்கும் முயற்சிகள் உடன் தொடங்கின. 1992இல் நெவாடாப் பல்கலைக்கழகத்தில் எழுந்த ‘வெரோனிக்கா’ கோபர் நிரல்களின் தலைப்புகளைத் தேடி, நேரே ஆவணத்தின் வாயிலிற் கொண்டுபோய் விட்டது. புறூஸ்ரர் கேல் என்பாரும் அவர் குழுவினரும் ஆக்கிய ‘வெயிஸ்’ தலைப்பையும் கடந்து உள்ளுரை முழுவதையும் தேடிற்று. கேட்ட சொற்களுக்கு மிகப் பொருந்திய ஆவணத்துக்கு அது 1000 என்னும் எண்ணைத் தரும். அவ்வெண் பொருத்தத்தின் அளவேயன்றி உண்மையின் அளவன்று. ஆயினும் எண்ணொன்றைக் கண்டவிடத்து அதனை மதிப்பெண்ணாகக் கொள்ளுதல் மாணவர் இயல்பு. ஆசிரியரும் அதற்கு விலக்கல்லர்.

இக்கருவிகளைக் கற்பித்தோருள் நூலகர்கள் முன்னின்றனர். 1992இல் ஜீன் ஆமர் பொலி என்னும் நூலகர், இணையத்தில் அலைசறுக்குதல் என்று பொருள்படும் தலைப்பிலே எழுதிய கட்டுரை அச்சொல்வழக்கு எங்கும் பரவுதற்குப் பெருங்காரணமாயிற்று. அலைசறுக்குவோனுக்கும் முத்துக்குளிப்போனுக்கும் கடல் ஒன்றேயாயினும் தொழில் வேறு. அவ்வாண்டிலேயே எட் குரோல் எழுதிய பெரிய வழிகாட்டி நூலும் வெளிவந்தது. கட்டளைகளைத் தட்டெழுதும் முறையும், எவ்விடத்தில் எது உண்டு என்பதும் அதில் விரிவாகக் கூறப்பட்டன. அந்நாளில் மாணவனுக்கிருந்த இடர்ப்பாடு அதுவேயாகலின், அதில் வியப்பில்லை.

இதற்கிடையில் ஜெனீவாவுக்கு அணித்தான ‘சேர்ண்’ ஆராய்ச்சி நிலையத்தில் ரிம் பேணர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த உலகளாவிய வலை உருப்பெற்றிருந்தது. 1993இன் முற்பகுதியில் மினசோற்றாப் பல்கலைக்கழகம் கோபர் வழங்கிக்குச் சிலவகைப் பயனாளரிடம் உரிமக் கட்டணம் பெறப்போவதாக அறிவித்தது. அவ்வாண்டு ஏப்ரில் 30ஆந் திகதி சேர்ண் நிலையம் தன் வலை மென்பொருளை யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாமென அறிவித்தது. ஒரு கடை விலை கூறியவேளையில் அயற்கடை இலவசமாகக் கொடுத்தது போலும். எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்திற் காட்டும் ‘மொசாயிக்’ அதே ஆண்டில் இலினோய்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவரவே, கோபர் விரைவிற் பின்தள்ளப்பட்டது. 1995இல் பழைய கல்வி வலையமைப்பு மூடப்பட்டு, வணிகத்துக்கிருந்த தடையும் ஒழிந்தது.

வலையில் நாடு, பல்கலைக்கழகம், துறை என்ற வாயில்கள் இல்லை. எப்பக்கத்திலிருந்தும் எப்பக்கத்துக்கும் தாவலாம். 1994இல் ஸ்ரான்போர்ட் மாணவர்களான ஜெரி யாங், டேவிட் பைலோ ஆகிய இருவர் தொடங்கிய ‘யாகூ’ பட்டியல், பக்கங்களை மனிதர் பார்த்துப் பொருள்வாரியாக வகுத்தது. நூல்நிலையத் தட்டின் நிழல் அதிற் சிறிது எஞ்சியிருந்தது. 1995 டிசம்பரில் வெளிவந்த ‘அல்ராவிஸ்ரா’ அந்நிழலையும் நீக்கியது. எப்பக்கத்திலுள்ள எச்சொல்லையும் அது கண நேரத்திற் கொணர்ந்து நிறுத்தும். ‘இதுவும் அதுவும்’, ‘இது, ஆனால் அதுவன்று’, ‘இதற்கு அருகில் அது’ என்று சொற்களைக் கோத்துக் கேட்கும் வித்தையை மாணவர் பயின்றனர். கேட்கும் வித்தை வளர்ந்தது. கிடைத்ததை ஆராயும் வித்தை வளரவில்லை.

அதன் விளைவை 1998இல் அலன் நவம்பர் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் எழுதிய கட்டுரையொன்று காட்டிற்று. பதினான்கு வயது மாணவனொருவன், யூத இனப்படுகொலை நிகழவேயில்லை என்பது குறித்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான். நாசி ஜேர்மனி ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்றொழித்தமை ஆவணங்களாலும் சாட்சியங்களாலும் ஐயமற நிறுவப்பட்ட வரலாறு. அம்மாணவன் அதனை மறுக்கக் கற்றதோ நோர்த்வெஸ்ரேர்ண் பல்கலைக்கழகத்துக் கணனியிலிருந்த பக்கமொன்றிலிருந்து. அதனை எழுதிய ஆதர் பட்ஸ் உண்மையிலேயே அப்பல்கலைக்கழகத்து ஆசிரியர். ஆயின் அவர் கற்பித்தது மின்னியற் பொறியியல், வரலாறன்று. பல்கலைக்கழகம் தன் ஆசிரியர் யாவர்க்கும் சொந்தப் பக்கம் வைத்துக்கொள்ள இடங்கொடுத்திருந்தது. அவர் கருத்தைப் பல்கலைக்கழகத் தலைவர் வெளிப்படையாகக் கண்டித்தபோதிலும் பக்கத்தை அகற்றினாரல்லர்.

முகவரியில் இருந்த அலைபோன்ற சிறு குறியொன்று, இது பல்கலைக்கழகத்தின் பக்கமன்று, ஒருவரின் சொந்தப் பக்கம் என்று சொல்லிற்று. அக்குறியை வாசிக்க அம்மாணவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. அவன் சோம்பேறியுமல்லன், தேடினான், கண்டான், பல்கலைக்கழகத்தின் பெயரைக் கண்டு நம்பினான். நூல்நிலையத்தில் அவனைக் காத்திருக்கக்கூடிய வழக்கமே இங்கு அவனை வீழ்த்திற்று. குற்றம் யாருடையதெனின், தேடக் கற்பித்துவிட்டு அவ்வளவில் நின்றோருடையதே எனல் வேண்டும்.

1998இல் நிறுவப்பட்ட ‘கூகிள்’ ஒரு பக்கத்தை நோக்கிப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளை, ஆய்வுக் கட்டுரைகளில் வரும் மேற்கோள்களைப் போலக் கருதி நிரைப்படுத்திற்று. அறிஞருலகத்து வழக்கொன்றை வலைக்குக் கொணர்ந்த நுண்மதி அது. ஆயினும் பலராற் சுட்டப்படுதல் வேறு, மெய்யாதல் வேறு.

தமிழ் மாணவருக்கு இவ்வரலாறு சற்றே பிந்தியும் வேறுபட்டும் வந்தது. 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் வாசிக்க இயலாது. தேடுபொறிக்கோ அவை பொருளற்ற உரோம எழுத்துக் குவியல்கள். யூனிகோடு முறையில் 1991இலேயே தமிழுக்கு இடம் வகுக்கப்பட்டிருந்தும், பொதுவழக்கிலிருந்த கணனிகள் அதனை ஏற்றது 2000ஐ ஒட்டியே. இவ்விடைக்காலத்தில், 1998இல், சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கலியாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. தட்டெழுதியவர் யார், பிழைதிருத்தியவர் யார் என்பவற்றை அதன் நூல்கள் தலைப்பிலேயே கூறும் வழக்கம் போற்றத்தக்கது. 2005இல் தோன்றிய நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒளிவருடி வைத்தபோது ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றையும் உடன் பதிந்தது. ஒளிவருடிய பக்கம் படமாகையாற் பெரும்பாலும் தலைப்பைக் கொண்டே தேடவேண்டியிருந்தது. இவ்வகையில் அது ஆர்ச்சியின் காலத்தை நினைவூட்டினும், முகப்பேடு தரும் சான்றினை மாணவனுக்கு மீட்டளித்தது.

சான்று கெடும் வழி மற்றொன்றும் உண்டு. கண்ட பக்கம் மறுமுறை தேடும்போது இல்லாது போகலாம். இணைய ஆவணங்களை மேற்கோள் காட்டும் முறை பற்றி லீ, கிரேன் என்னும் இருவர் 1993இலேயே நூலெழுதினர். எனினும் 2014இல் வெளிவந்த ஹாவர்ட் ஆய்வொன்று, அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்புகளிற் காட்டப்பட்ட இணைப்புகளிற் பாதியளவானவை முதலிற் சுட்டிய செய்தியை இப்போது தரவில்லை எனக் கண்டது. வெயிஸ் கருவியைச் செய்த புறூஸ்ரர் கேல் 1996இல் இணைய ஆவணக் காப்பகத்தை நிறுவி, மறையும் பக்கங்களைப் படியெடுக்கத் தொடங்கியிருந்தார். 2001இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தேடுதற்குக் கருவி செய்தவரே காத்தற்கும் முற்பட்டமை கருதத்தக்கது.

2017இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பேர்க், சாரா மக்குறூ ஆகியோர் வரலாற்றறிஞர் 10 பேர், பத்திரிகைத் துறையிற் செய்தியின் உண்மையைச் சரிபார்ப்போர் 10 பேர், மாணவர் 25 பேர் ஆகியோரை இணையப் பக்கங்கள் சிலவற்றை மதிப்பிடுமாறு கேட்டனர். மாணவர் மட்டுமன்றி வரலாற்றறிஞர் பலரும் பக்கத்தின் தோற்றத்தாலும் பெயராலும் ஏமாந்தனர். அவர்கள் அப்பக்கத்தையே மேலிருந்து கீழாகக் கூர்ந்து வாசித்தார்கள். சரிபார்ப்போரோ பக்கத்தைத் திறந்த சிறிது நேரத்திலேயே அதைவிட்டு வெளியேறி, அதனை நடத்துவோர் யாவர், அவர்களைப் பற்றிப் பிறர் கூறுவது யாது என்று வேறு பக்கங்களில் விசாரித்த பின்னரே வாசிக்கத் திரும்பினர்.